கை எழுதிய ஊர்

பானுமதிக்கு ஒரு மாதமாக உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, எழுந்தால் நிலை கொள்ளவில்லை. தாராவியில் பை தைக்கும் கார்கானாவில் ஜிப் வைக்கிற வேலை அவளுக்கு. அவள் ஜிப் வைத்த பைகள் போகாத ஊர் இல்லை. அவள் போன ஊர் ஒன்றே ஒன்றுதான்: திருநெல்வேலிக்குக் கிழக்கே, புருசன் பேச்சிராஜாவின் ஊர். கல்யாணமாகிப் பம்பாய் வந்த இருபது வருசத்தில், ஒவ்வொரு மே மாதமும் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அதே நாகர்கோவில் வண்டியில் போய், அதே வண்டியில் திரும்பினாள்.

கொடை என்றால் சாமி பார்க்கப் போவது என்று ஆம்பிளைகள் வேண்டுமானால் நினைத்துக்கொள்ளலாம். பானுமதி இந்த இருபது கொடையில் சாமியைப் பார்த்ததைவிட அடுப்பைப் பார்த்ததுதான் அதிகம். வில்லுப்பாட்டு தொடங்கும்போது அரிசி களைந்துகொண்டிருப்பாள். சாமியாடி தெருவில் வரும்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு மூத்த மருமகள் என்ற பட்டம் அவளுக்கு இருந்தது, பட்டத்துக்கு வேலை இதுதான்.

ஒரே ஒரு தடவை, தான் யார் பெண்டாட்டி, எந்த வீட்டு மருமகள் என்று யாருக்கும் தெரியாத ஊரில் இறங்கிக் கையை வீசி நடக்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். ஆனால் கார்கானாவில் லீவு கிடைப்பது மே மாதப் பதினைந்து நாள் மட்டும். கொடை வருவதும் அதே பதினைந்து நாளில். மகள் மாலதி பத்தாம் வகுப்புப் பரீட்சையை எழுதி முடிக்க இருந்தாள். அடுத்த வருசம் ஜூனியர் காலேஜ், ட்யூஷன் என்று அவள் கையில் அகப்பட மாட்டாள். இந்த வருசம் விட்டால் விட்டதுதான்.

அம்மாவும் மகளுமாக, மகன் பாபுவையும் சேர்த்து நாலு பேருக்கு, நோட்டு போட்டுத் திட்டம் தீட்டினார்கள். ஆக்ரா, டெல்லி, ஹரித்துவார், ஜெய்ப்பூர், திரும்ப பம்பாய். முடிந்தவரை ராத்திரி வண்டி, தூங்கின மாதிரியும் ஆச்சு, லாட்ஜ் வாடகையும் மிச்சம். குளியல் ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில். மூட்டை முடிச்செல்லாம் கிளோக் ரூமில். முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவின இட்லி, மறுநாளைக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். ஹரித்துவாரில் மட்டும் தர்மசாலையில் ஒரு ராத்திரி. ஹரித்துவாரைச் சேர்த்ததே பேச்சிராஜாவுக்காகத்தான்; கங்கை என்றால் மனுசன் வாய் திறக்க மாட்டார் என்பது பானுமதியின் கணக்கு.

"ஆக்ராவுல எத்தன மணிக்கு எறங்குவோம்?"

"அரே அம்மா, பத்துத் தடவ கேட்டுட்ட. சாயங்காலம். டென்ஷன் மத் லே, அலட்டிக்காத" என்றாள் மாலதி.

கணக்கு பாதிதான் பலித்தது. "கொடைக்குத் தலைக்கட்டு வரி குடுத்தாச்சு. ஆளு போகலன்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவான்" என்று பேச்சிராஜா இழுத்தார். பிறகு, "கங்கையா? ம்... பாக்கலாம்" என்றார். பாக்கலாம் என்றால் அவர் அகராதியில் பாதிச் சம்மதம். மீதிப் பாதியைப் பானுமதியே போட்டுக்கொண்டாள். அவர் மனசு மாறுவதற்குள் டிக்கெட்டைக் கையில் வாங்கிவிட வேண்டும் என்று பறந்தாள்.

அறுபது நாளுக்கு முன்னால் முன்பதிவு திறக்கும். போனில் போடலாம் என்று பார்த்தால் சரியாக எட்டு மணிக்கு அது சுற்ற ஆரம்பிக்கும், எட்டேகால்வரை சுற்றும். அதனால் தாராவிக்காரர்கள் நம்புவது தாதர் ஸ்டேஷன் கவுண்டரைத்தான். விடிகாலை ஐந்து மணிக்கே பானுமதி போய் நின்றாள். அவளுக்கு முன்னால் ஏழு பேர். அத்தனையும் கொடைக்குப் போகிற கூட்டம்.

பின்னால் நின்றவள் பக்கத்து வீட்டு மாரிசெல்வி. "அக்கா, இந்த வருசம் ரெண்டு செட்டு மேளமாம். பூந்தட்டம் நம்ம தெருவுலருந்துதான் எடுக்காங்களாம். நீங்களும் ஒம்பதாம் தேதிதான?"

"ஒம்பதாம் தேதிதான்" என்றாள் பானுமதி. தேதி பொய்யில்லை. ஆக்ரா வண்டியும் ஒன்பதாம் தேதிதான். ஊரை மட்டும் வாயில் அடக்கிக்கொண்டாள். சொன்னால் இந்த வரிசையே அவளுக்குப் புத்தி சொல்லும்.

தரையில் உட்கார்ந்து, மாலதி எழுதிக் கொடுத்த நோட்டை மடியில் விரித்து, படிவத்தை நிரப்பினாள். எட்டாவது படித்தவள், இங்கிலீஷில் அவளுக்குப் பிசகாமல் எழுத வருவது ஆதார் கார்டுப் பெயர்களும் இந்தப் படிவமும்தான். மாரிசெல்வி மேளத்தை விட்டு முளைப்பாரிக்கு வந்திருந்தாள். ம், ம் என்று கேட்டுக்கொண்டே எழுதி முடித்தாள். கவுண்டர் திறந்தது. பின்னாலிருந்து நெருக்கினார்கள்.

கவுண்டர்க்காரர் படிவத்தைப் பார்த்துத் தட்டினார். "திருநெல்வேலி, நௌ மே, ஸ்லீப்பர், சார் ஆத்மி. பக்கா?" மே ஒன்பது, நாலு பேர், சரிதானே என்று கேட்டார்.

இருபது வருசமாக மே மாதத்துக்கு அவள் காதில் விழுந்த அதே வாக்கியம். "ஹாங் ஜி" என்றாள். பணம் கொடுத்தாள், டிக்கெட்டை வாங்கினாள், மாரிசெல்வியைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். பாலத்தின் படிக்கட்டு வரைக்கும் வந்த பிறகுதான் டிக்கெட்டைப் பிரித்துப் பார்த்தாள்.

படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாகர்கோவில் வண்டி நம்பர். திருநெல்வேலி. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் மாற்றி எழுதவில்லை. மடியில் ஆக்ராவை விரித்து வைத்துக்கொண்டு அவள் கையே எழுதியிருக்கிறது. அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அது இன்னும் பொங்கியது. அதற்குள் தன் டிக்கெட்டோடு வந்து எட்டிப் பார்த்த மாரிசெல்வி விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"அக்கா! அது ஒங்க கை இல்ல. ஆத்தா கையப் புடிச்சு எழுதிருக்கா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பானுமதி வீடு வந்து சேருமுன் செய்தி சந்துக்கு வந்துவிட்டது. அம்மன் கூப்பிட்டுவிட்டாள். ஒருத்தி திருநீறு கொண்டுவந்து பூசினாள். பேச்சிராஜா சாமி படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"கூப்புட்ட பொறவு போகாம இருக்க முடியுமாளா? புள்ள குட்டி இருக்கு."

பிள்ளைகள் பெயரைச் சொன்னதும் பானுமதி பயந்துபோனாள். அவளும் அந்த மண்ணுக்கு வாழ்க்கைப்பட்டவள்தானே. உண்மையிலேயே அம்மன்தான் எழுத வைத்தாளோ? மறுத்துப் போய் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால்? நோட்டைத் தூக்கி அலமாரிக்கு மேலே போட்டாள். பாபு, "அப்ப தாஜ்மகால் கேன்சலா?" என்று கேட்டு அக்காவிடம் ஒரு குட்டு வாங்கினான்.

மத்தியானம் ஊரிலிருந்து போன் வந்தது. பேச்சிராஜாவின் அக்கா முருகம்மாள். பேச்சிராஜா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏ பானு, கேள்விப்பட்டேன் தாயி! நீ வரமாட்டன்னு தம்பி சொன்னதுலருந்து எனக்கு ஒறக்கமே இல்ல. இந்த வருசம் வீட்டுக்கு வார ஒரம்பரையே நாப்பது பேரு. அடுப்ப ஆரு பாக்கதுன்னு மலைச்சுப் போயி இருந்தோம். ஆத்தா கண்ணத் தொறந்துட்டா. ரெண்டு நாள் முன்னக்கூட்டியே வந்துரு, என்ன?"

"வாரேன் மதினி" என்று சொல்லத்தான் பானுமதி வாயெடுத்தாள். 'அடுப்ப ஆரு பாக்கது' என்றது காதிலேயே நின்றது. பயந்தது வீண் என்று பட்டது. அம்மனுக்கு நாற்பது பேருக்குச் சோறு பொங்கும் கவலை எதற்கு? கூப்பிட்டது அம்மன் இல்லை, அடுப்பு.

"ஆத்தா, ஒனக்கு நான் ஒண்ணும் கொற வைக்கல" என்று படத்தைப் பார்த்து மனசுக்குள் சொன்னாள். "போயிட்டு வந்து ஒங்கிட்டயும் சொல்லுதேன்." அலமாரியில் எக்கி நோட்டை எடுத்தாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவள் மறுபடி தாதர் கவுண்டரில் நின்றாள். இந்தத் தடவை யாரோடும் பேசவில்லை. நோட்டைப் பார்த்து, சின்னப் பிள்ளை வாய்ப்பாடு எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தாக, உதடு அசைய எழுதினாள். கவுண்டர்க்காரர் வாசித்துக் காட்டியதும், "ஆக்ரா தானே? ஃபிர் சே போலோ" என்று திருப்பிச் சொல்ல வைத்தாள். வரிசை முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும்.

வீட்டில் பேச்சிராஜா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பானுமதி ஒரு டிக்கெட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எம் பேரு மட்டும்தான இருக்கு?"

"மத்த மூணையும் கேன்சல் பண்ணிட்டேன். ஆத்தா கூப்புட்டாள்லா, போயிட்டு வாங்க. தலக்கட்டு நீங்க, வரி குடுத்தது நீங்க."

"அப்ப நீங்க?"

"நானும் புள்ளைகளும் ஆக்ரா போறோம். அங்கருந்து நோட்டுல எழுதுன மாதிரி."

"ஆம்பள இல்லாம பொம்பளயும் புள்ளைகளும் எப்படிளா..." என்று ஆரம்பித்தவர் அதை முடிக்கவில்லை. அவள் முகத்தில் சண்டைக்கான அறிகுறி எதுவும் இல்லாததுதான் அவரைத் தடுமாற வைத்தது. கட்டிலில் உட்கார்ந்தார். "நாப்பது பேருக்குச் சோறு பொங்கணுமே. அக்கா தனியா என்ன செய்வா?"

"தனியா எதுக்கு? அதான் நீங்க போறீயள்ல."

மாலதி வாயைப் பொத்திக்கொண்டாள். பேச்சிராஜா டிக்கெட்டையும் பெண்டாட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். வெங்காயமும் விறகுப் புகையும் அவர் கண்ணுக்குள் வந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்த ஆக்ரா வண்டியில இன்னொரு சீட்டு இருக்குமா?"

"காலைல பாக்கும்போது இருந்துச்சு" என்றாள் பானுமதி. "கவுண்டர் எட்டு மணிக்குத் தொறப்பான். நாளைக்கு நீங்க அஞ்சு மணிக்கே போயி வரிசைல நில்லுங்க."