மோட்டர் இல்லாத பீட்டர்ஹோஃப்

திறப்பு விழாவுக்கு வந்த சனம் முழுவதும் கதிரைகளில் இருந்து அந்த நீரூற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. பிரதம விருந்தாளி திரையை இழுத்துவிட்டார், கைதட்டலும் முடிந்தது. நீரூற்று மட்டும் காய்ந்துபோய்க் கிடந்தது. அதை வடிவமைத்த சிவானுஜா கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

அவள் லேசுப்பட்ட ஆளா? ரஷ்யாவில் பூங்கா வடிவமைப்புப் படித்துவிட்டு வந்தவள். திருகோணமலைத் துறைமுகக் கரையில் இராசதுரை கட்டிய புது ஹோட்டலின் முன்தோட்டம்தான் அவளுடைய முதல் வேலை. "கலியாண அல்பத்துக்குப் படம் பிடிக்க எடுப்பா ஒரு நீரூற்று வேணும் பிள்ளை" என்று அவர் கேட்கப்போக, இவள் பீட்டர்ஹோஃப் அரண்மனையையே தூக்கிக்கொண்டு வந்து அவர் மேசையில் இறக்கிவிட்டாள்.

சுவீடனோடு சண்டை பிடித்துக் கடற்கரையைக் கைப்பற்றிய சக்கரவர்த்தி முதலாம் பீட்டர், பின்லாந்து வளைகுடாவின் ஓரத்தில் எழுப்பிய அரண்மனை அது. மேட்டு விளிம்பில் மாளிகை. அதன் காலடியில் படிபடியாக இறங்கும் அருவிகள், பொன்முலாம் பூசிய சிலைகள், நடுவில் சிங்கத்தின் வாயைக் கிழிக்கும் சாம்சன். அங்கிருந்து கடல்வரைக்கும் நேர்கோடாய் ஒரு கால்வாய். படகில் வந்து இறங்குகிறவன் அசந்துபோகவேண்டும், அவ்வளவுதான் ராசாவின் ஆசை. பிறகு மகள் எலிசபெத்தின் காலத்தில் ரஸ்ட்ரெல்லி என்ற கட்டடக்கலைஞர் மாளிகையை இரண்டு பக்கமும் நீட்டினார். உலகப்போரில் ஜெர்மன் படை அங்கே இருந்துவிட்டு எல்லாவற்றையும் நாசமாக்கிப் போக, ரஷ்யர்கள் விடாப்பிடியாகத் திரும்பக் கட்டினார்கள்.

சிவானுஜாவின் மனம் போனது இதிலொன்றிலும் இல்லை. அத்தனை நீரூற்றுக்கும் அங்கே ஒரு மோட்டர் கிடையாது! தூரத்து மேட்டு நிலத்து ஊற்றுத் தண்ணீர் கால்வாய் வழியே தானாக இறங்கி வந்து, இறங்கிய அமுக்கத்திலேயே மேலே பாய்கிறது.

"எங்களிட்டயும் மலை இருக்கு ஐயா. மேல குளமும் இருக்கு. மாரியில வழிஞ்சு சும்மா கடலுக்குத்தானே போகுது?" என்றாள்.

இராசதுரை அரை மனத்தோடு தலையாட்டினார். "சரி பிள்ளை. ஆனா திறப்பு அண்டைக்குத் தண்ணி எழும்பாட்டி உடன மோட்டர் பூட்டிப்போடுவன். மிச்சத் தோட்டமும் வேற ஆளுக்குத்தான். பிறகு என்னோட கோவிக்கக் கூடாது."

சொன்ன மனுசன் சொன்னபடி மோட்டர்க்காரனையும் விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார். அவன் முன்வரிசையில் இருந்து குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தான்.

விடிய மேலே குளக்கட்டுக்குப் போய், நீரூற்றுக்கு இறங்கும் குழாயின் வால்வைத் திறந்தவள் சிவானுஜாதான். திரைக்குப் பின்னால் தண்ணீர் சீறி எழும்பியதைக் கண்ணால் கண்ட பிறகுதான் சேலை உடுத்தப் போனாள். இப்போது இராசதுரை அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கோ. நான் மேல போய்ப் பாத்திட்டு வாறன்."

மேளகாரருக்குக் கண்காட்டினாள். பாவம் அவர்கள், முடித்த பாட்டையே திரும்ப எடுத்தார்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மலைப்பாதையில் ஓடினாள். குழாய் வெடித்துவிட்டதா? இல்லை, கணக்கே பிழையா? கணக்குப் பிழையென்றால் இனி இந்த ஊரில் அவளை நம்பி ஒரு பூஞ்சாடிகூட ஆர் கொடுப்பார்கள்?

வழியெல்லாம் குழாயில் ஒரு வெடிப்பும் இல்லை. குளக்கட்டில் யோகமலர் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குளத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி.

"அக்கா... இந்த வால்வில ஆராவது கை வைச்சவையளோ?"

"ஓம், நான்தான் பூட்டினனான். குழாய்க்குள்ள தண்ணி இரையுது, பக்கத்தில ஒரு குஞ்சு குருமானும் இல்லை. ஆரோ மறந்துபோய்த் திறந்து விட்டிட்டினம் எண்டு இறுக்கிப் பூட்டிப்போட்டன்."

யோகமலரில் என்ன பிழை? வெருகல் பக்கத்திலிருந்து போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து வந்தவள். முகாமில் ஒரு குடம் தண்ணீருக்காக வரிசையில் நின்றே இளவயதைத் தொலைத்தவள். ஆள் இல்லாத இடத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டால் அவளுக்குப் பொறுக்காது. ஆர் வீட்டுக் குழாய் என்றும் பாராமல் பூட்டிவிட்டுத்தான் மற்ற வேலை.

"பூட்டினதுதானா? ஐயோ என்ரை அக்கா, பூட்டினது மட்டும்தானா!" சிவானுஜா சிரிக்கத் தொடங்கினாள். ஈரக் கையோடு நின்றவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கணக்குப் பிழைக்கவில்லை. கடவுளே, கணக்குப் பிழைக்கவில்லை.

"என்னடி பிள்ளை, விழாவைக் கெடுத்திட்டனோ?" யோகமலரின் முகம் கறுத்துவிட்டது.

"அதெல்லாம் ஒண்டுமில்லை. கெதியாத் திறவுங்கோ அக்கா, கீழ சனம் பாத்துக்கொண்டிருக்கு."

யோகமலர் பிடித்துத் திருகினாள். குழாய் ரெண்டு தரம் இருமியது, பிறகு இரையத் தொடங்கியது. கீழே, துறைமுகத்து நீலத்துக்கு முன்னால் வெள்ளையாக ஒரு கோடு எழும்பியது. வாசல் கூரையைத் தாண்டியும் எழும்பியது. சனத்தின் ஆரவாரம் மலைவரை வந்தது.

யோகமலர் கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கனநேரம் பார்த்தாள். "வடிவாத்தான் இருக்கு. ஆனா அவ்வளவு தண்ணியும் பிறகு எங்க போகுது?"

"பின்னுக்கு நிக்கிற தென்னையளுக்கு."

"அப்பச் சரி. இனி நான் பூட்டமாட்டன்."

கைத்தொலைபேசி அடித்தது. இராசதுரை. பின்னால் பிள்ளைகள் நனைந்து கத்துகிற சத்தம். "பிள்ளை, எங்க நிக்கிறீங்கள்? சனமெல்லாம் உங்களைத்தான் கேக்குது! பின்பக்கத் தோட்டத்தையும் நீங்கள்தான் செய்யோணும், சொல்லிப்போட்டன். கெதியா இறங்கி வாங்கோ!"

சிவானுஜா பட்டுச்சேலையோடு அப்படியே குளக்கட்டு மண்ணில் குந்திவிட்டாள்.

"வாறன் ஐயா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இப்ப எழும்ப ஏலாமக் கிடக்கு. கொஞ்சம் இருந்திட்டு வாறன்."