தொட்ட கை

படகின் உச்சியில் கட்டியிருந்த மூங்கில்மீது இசித்ரோ ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தான். கால் மாற்றி மாற்றி நின்றான், கண்ணை மட்டும் கடலைவிட்டு எடுக்கவில்லை. கீழே ஆறு விருந்தாளிகள் முகக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காலில் ரப்பர் துடுப்புகளோடு பலகையில் வரிசையாக உட்கார்ந்து வெயிலில் வதங்கினார்கள். சுறா வருமா வராதா என்று அவர்கள் கேட்பதை நிறுத்தியே அரை மணி ஆகியிருந்தது.

"ஏலே, மேலயே தூங்கிட்டியா?" என்று படகோட்டி டெல்ஃபின் சுக்கானைப் பிடித்தபடி கத்தினார்.

"தூங்கலண்ணே. உங்க மாமியார் நீந்தி வர்றாங்களான்னு பாக்கறேன். இந்தக் கடல்ல அந்த சைஸுக்கு வேற யாரு இருக்கா?"

ஹொவீதா சிரித்தாள். விருந்தாளிகளும் எதுவும் புரியாமல் கூடச் சிரித்தார்கள். சான் லாசரோ கரையில் புட்டாண்டிங் காட்டப் போகும் எல்லாப் படகிலும் இப்படித்தான் பொழுது போகும். புட்டாண்டிங் என்பது திமிங்கலச் சுறா. ஒரு பேருந்து நீளம் இருக்கும், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. வாயைப் பிளந்தால் ஆளே உள்ளே போகலாம், ஆனால் அது தின்பது கண்ணுக்குத் தெரியாத பொடிப் பூச்சியை. அதன் பக்கத்தில் ஒரு தடவை நீந்திவிட வேண்டும் என்று உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள் வருகிறார்கள்.

ஹொவீதா பதினோரு வருடமாக வழிகாட்டி. ஊரில் உரிமம் வைத்திருக்கும் ஐம்பது பேரில் பெண்கள் நான்கே பேர். அவள் கணவன் ருவெல் மணிலாவில் கட்டட வேலைக்குப் போய், சாரத்திலிருந்து விழுந்து, இரண்டு வருடமாக வீட்டில் படுத்திருக்கிறான். தொடர்ந்து அரை மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு விண்ணென்று தெறிக்கும் அவனுக்கு. சுறா வரும் ஐந்து மாத உழைப்பில்தான் பன்னிரண்டு மாதமும் உலை வைக்க வேண்டும். போன வருடம் சுறாக்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்த வருடம் பிப்ரவரி பிறந்ததுமே கடல் பச்சை பிடித்துவிட்டது. பச்சை பிடித்தால் பூச்சி அதிகம் என்று அர்த்தம், பூச்சி அதிகமானால் சுறா தானாக வரும். ஒரே தொல்லை, அந்தப் பச்சைத் தண்ணீரில் நான்கு முழத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது.

விருந்தாளிகளில் ஹென்ட்ரிக் என்று ஒரு டச்சுக்காரர். அறுபத்தாறு வயது, நல்ல தாட்டியான உடம்பு, பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட மகள் ஆன்னெகா. அவள் கையில் தண்ணீருக்குள் படம் பிடிக்கும் சின்னக் கேமரா இருந்தது. படகில் ஏறியவுடன் ஹொவீதாவின் பெயரைக் கேட்டு, சரியாக வரும்வரை மூன்று முறை சொல்லிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அவள் 'ஹலோ மிஸ்'.

"வலது பக்கம்! வலது பக்கம்!" என்று இசித்ரோ கத்தினான்.

டெல்ஃபின் படகை ஒடித்துத் திருப்பினார். ஹொவீதா முகக்கண்ணாடியை இறக்கி எழுந்து நின்றாள். "ரெடியா இருங்க. நான் சொன்னதும் குதிக்கணும். மூணு மீட்டர் தள்ளியே இருக்கணும், தொடக் கூடாது. வால் பக்கம் போகவே கூடாது." காலையில் கரையில் சொன்னதுதான். தண்ணீரைப் பார்த்துவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் நினைவிருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஹென்ட்ரிக்கின் மிதவைச் சட்டையை வலது கையால் பின்கழுத்தில் பற்றிக்கொண்டாள். வயதானவர்களை அப்படிப் பிடித்து இழுத்துப்போவதுதான் அவள் வழக்கம்.

"இப்ப! குதிங்க!"

சுறா அவர்களுக்குக் கீழே, இடதுபுறமாகப் போய்க்கொண்டிருந்தது. ஹொவீதா துடுப்பை அடித்துப் பக்கவாட்டில் ஒட்டி நீந்தினாள். ஹென்ட்ரிக் மூச்சு விடும் குழாய் வழியாகக் குழந்தை மாதிரிக் கூவுவது அவளுக்குக் கேட்டது. பெரிய விலங்கைப் பார்த்த ஆட்கள் அப்படித்தான் கூவுவார்கள், அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். திடீரென்று அவர் வேகம் கூட்டி அவள் பிடியிலிருந்து நழுவி முன்னால் போய்விட்டார். அதே நேரத்தில் சுறாவும் அவர்கள் பக்கமாகத் திரும்பியது. பச்சைத் தண்ணீருக்குள்ளிருந்து புள்ளிபோட்ட சுவர் ஒன்று நகர்ந்து வந்தது. அது கடந்ததும் பின்னால் வால் வரும். ஆள் உயர வால். ஹென்ட்ரிக்கின் தலை சரியாக அந்த இடத்தில் இருந்தது.

ஹொவீதா எட்டி அவர் சட்டையை மறுபடி பிடித்தாள். வெறும் கால் உதையால் அத்தனை பெரிய உடம்பை அசைக்க முடியவில்லை. இடது உள்ளங்கையைச் சுறாவின் விலாவில் ஊன்றி, சுவரில் கை வைத்துத் தள்ளுவதுபோல் தள்ளி, வலது கையால் அவரைத் தன் பக்கம் இழுத்தாள். வால் அவர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிப் போனது. போகிற போக்கில் அதன் விளிம்பு அவள் கெண்டைக்காலில் அறைந்தது. தண்ணீருக்குள்ளேயே அவளுக்கு அழுகை வந்தது.

மேலே வந்ததும் ஹென்ட்ரிக் குழாயைத் துப்பிவிட்டு அழுதார். ஆனந்த அழுகை. "எவ்வளவு அழகு! கடவுளே, எவ்வளவு அழகு! ஹொவீதா, உங்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்?" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். சுறாவின் தோல் உரசி அந்த உள்ளங்கை தோலுரிந்திருந்தது. அவள் வலியைக் காட்டிக்கொள்ளாமல் சிரித்தாள்.

டெல்ஃபின் அவள் காலைப் பார்த்துவிட்டார். "வால் பட்டுச்சா?"

"லேசா."

"அந்த ஆளு முன்னாடி போனாரோ?"

"சும்மா இருங்கண்ணே. அவரு சந்தோஷமா இருக்காரு."

டெல்ஃபின் அதற்குமேல் கேட்கவில்லை. விருந்தாளியிடம் ஆபத்தைச் சொல்லக் கூடாது என்பது சான் லாசரோவில் யாரும் எழுதிவைக்காத சட்டம். ஒருவர் பயந்தால் மாலைக்குள் விடுதி முழுக்கத் தெரிந்துவிடும், மறுநாள் பாதிப் படகு கரையிலேயே கிடக்கும். சாவின் பக்கத்தில் போய் வந்தவர்கள் எத்தனையோ பேர், தங்கள் வாழ்நாளின் மிக நல்ல காலை அதுதான் என்று நினைத்துக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறார்கள்.

கரைக்கு வந்ததும் வழக்கம்போல் அலுவலகத்தில் தாளை நிரப்பினாள். பார்த்த சுறா: ஒன்று. இறங்கிய தடவை: ஒன்று. விதிமீறல் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஒவ்வொரு வருடமும் பயிற்சி நாளில் மேற்பார்வையாளர் எவாஞ்செலின் மேடமே சொல்வார்: "வந்தவங்க பண்ற தப்பையெல்லாம் தாள்ல ஏத்தாதீங்க. தாள் மாகாண ஆபீசுக்குப் போகுது. நம்ம ஊர் பேருதான் நாறும்." வேறு மாதிரி எழுதுகிறவரைத்தான் திகைப்போடு பார்ப்பார்கள்.

மூன்றாம் நாள் ஹொவீதா கடைத்தெருவில் கருவாடு வாங்கிக்கொண்டிருந்தபோது இசித்ரோ ஓடி வந்தான். மூச்சு வாங்க, கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அக்கா, இதப் பாத்தீங்களா?"

ஆன்னெகா பக்கவாட்டிலிருந்து எடுத்த படம். பச்சைத் தண்ணீர், சுறாவின் புள்ளி விலா, அதன்மேல் விரல் விரித்துப் பதிந்திருக்கும் ஹொவீதாவின் கை. அவள் கூந்தல் தண்ணீரில் விரிந்து கிடந்தது. ஹென்ட்ரிக்கின் ரப்பர் துடுப்பு மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிந்தது. கீழே ஹென்ட்ரிக் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார், இசித்ரோ படித்துச் சொன்னான்: 'எங்கள் வழிகாட்டி ஹொவீதா. கடலின் மகள். இந்தப் பெரிய உயிரை அவள் தடவிக்கொடுத்தாள், அதுவும் அவளை நம்பியது.'

"எத்தன பேரு பாத்திருக்காங்க?"

"சொன்னா மயக்கம் போட்டுருவீங்க. மணிலாவுல யாரோ இத எடுத்துப்போட்டுக் கிழி கிழின்னு கிழிக்கிறாங்க. காசுக்காக மீனத் தொட்டுக் காட்றாங்களாம், நம்ம ஊருல."

ஹொவீதா கருவாட்டை வாங்காமலே வீட்டுக்குப் போனாள்.

விசாரணை வெள்ளிக்கிழமை நடந்தது. மேசைக்குப் பின்னால் எவாஞ்செலின் மேடம், நகராட்சியிலிருந்து ஒரு அதிகாரி, வழிகாட்டிகள் சங்கத் தலைவர். படத்தைப் பெரிதாக அச்சடித்து மேசைமேல் வைத்திருந்தார்கள். ஹொவீதா நடந்ததை நடந்தபடி சொன்னாள். கால்சட்டையை மடித்து, கறுத்து வீங்கிய கெண்டைக்காலைக் காட்டினாள்.

"இது வால் பட்டதுன்னு எப்படித் தெரியும்? படகுப் பலகை இடிச்சாலும் இப்படித்தான் கன்னிப்போகும்" என்றார் அதிகாரி.

டெல்ஃபினைக் கேட்டார்கள். தண்ணீருக்கு அடியில் நடந்தது மேலே இருந்த தனக்குத் தெரியாது என்றார். பொய் இல்லை. அவர் படகுக்கும் உரிமம் வேண்டும். சுறா திரும்பியதைப் பார்த்தேன் என்றான் இசித்ரோ. "தொட்டதப் பாத்தியா, இல்லயா?" என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்படி ஒரு ஆபத்து நடந்திருந்தா தாள்ல ஏன் 'இல்லை'ன்னு எழுதியிருக்க?" என்றார் அதிகாரி.

ஹொவீதா எவாஞ்செலின் மேடத்தைப் பார்த்தாள். மேடம் தாளைப் பார்த்தார்.

"எழுதக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொல்வீங்க?"

"நான் சில்லறைத் தப்பச் சொன்னேன் ஹொவீதா. புட்டாண்டிங்கத் தொடறத மறைக்கச் சொல்லல" என்றார் மேடம். அவர் குரல் ஒன்றும் கடுமையாக இல்லை.

ஹென்ட்ரிக்குக்கு அலுவலகத்திலிருந்து எழுதிக் கேட்டிருந்தார்கள். அன்று காலைதான் பதில் வந்திருந்தது. மேடம் அதை மொழிபெயர்த்து வாசித்தார். இரண்டு பக்கம். தன்னால் ஹொவீதாவுக்குத் தொல்லை வந்ததற்கு ஆயிரம் மன்னிப்பு. அவளைப்போல் அன்பான வழிகாட்டியைத் தான் கண்டதே இல்லை. தாய் பிள்ளையைத் தொடுவதுபோல்தான் அவள் சுறாவைத் தொட்டாள், துளியும் துன்புறுத்தவில்லை. ஆபத்தான ஒரு கணம்கூட அன்று இருக்கவில்லை, அத்தனை பாதுகாப்பாக அழைத்துப்போனாள். தயவுசெய்து அவளைத் தண்டிக்காதீர்கள்.

கேட்கக் கேட்க ஹொவீதாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அந்த மனிதர் நல்லவர். நல்லெண்ணத்தில் எழுதிய ஒவ்வொரு வரியும் அவள் கழுத்தில் கத்திபோல இறங்கியது.

"மேடம், அவருக்கு இன்னொரு தடவ எழுதிக் கேளுங்க. நான் இழுத்தது அவருக்கு ஞாபகம் இருக்கும். எதுக்கு இழுத்தேன்னு சொன்னா புரிஞ்சுக்குவாரு."

"என்னன்னு எழுதச் சொல்ற? 'ஐயா, எங்க ஊருல நீங்க சாக இருந்தீங்க, நாங்க உங்ககிட்டச் சொல்லல'ன்னா? அவரு அதையும் படம் மாதிரிப் போட்டா என்ன பண்றது?"

சங்கத் தலைவர் அதற்குத் தலையாட்டினார். உரிமம் ரத்து. பெயரைக் காத்திருப்போர் பட்டியலின் கடைசியில் சேர்க்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஏற்கெனவே இருநூறு பேர் இருந்தார்கள், அதில் பாதிப் பேர் அவளைவிடப் பதினைந்து வயது சின்னவர்கள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைக்கச் சொன்னார்கள். நாடா கூந்தலில் சிக்கிக்கொண்டது, இசித்ரோதான் எடுத்துவிட்டான்.

ருவெல் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டான். அவள் காலை அப்போதுதான் சரியாகப் பார்த்தான். பலகை இடித்தது என்று அவனிடம் சொல்லியிருந்தாள்.

"அந்த ஆள விட்டுட்டுத் தள்ளி நின்னிருக்கலாம்ல?" என்றான்.

"நின்னிருக்கலாம். அப்ப உரிமம் இருந்திருக்கும்."

அவன் கையை நீட்டி அவள் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டான். வேறு என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் ஊர் கொள்ளாத கூட்டம். சுறாவும் அந்த வருடம்போல் எந்த வருடமும் வந்ததில்லை, படகுக்கு மூன்று நான்கு என்று பார்த்தார்கள். எவாஞ்செலின் மேடம் மனம் கேட்காமல் ஹொவீதாவைக் கூப்பிட்டு வேலை ஒன்று கொடுத்தார். விருந்தாளிகள் போட்டுக் கழற்றும் மிதவைச் சட்டைகளை நல்ல தண்ணீரில் அலசி உலர்த்த வேண்டும், அடுத்த குழு வரும்போது எடுத்து மாட்டிவிட வேண்டும். அந்தக் கொட்டகை விளக்கவுரை அறையை ஒட்டி இருந்தது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை உள்ளே விதிமுறைப் படம் ஓடும், எட்டுத் தடவையும் அவளுக்குக் கேட்கும். புட்டாண்டிங்கைத் தொடாதீர்கள் என்று குரல் சொல்லும் இடத்தில் இந்த வருடம் புதிதாக ஒரு புகைப்படம் சேர்த்திருந்தார்கள். ஆன்னெகா எடுத்ததுதான், ஹொவீதாவின் முகத்தை மட்டும் மறைத்திருந்தார்கள். அப்போதெல்லாம் உள்ளேயிருந்து உச்சுக் கொட்டும் சத்தம் வரும்.

பெரிய வியாழன் காலை ஒரு குழு வெளியே வந்தது. மணிலாப் பக்கத்து அம்மாள் ஒருவர், ஐம்பது வயது இருக்கும், கண் கலங்கி வந்து ஹொவீதாவின் முன்னால் நின்றார்.

"பாத்தியாம்மா அந்தப் படத்த? எப்படித்தான் மனசு வருதோ இவங்களுக்கு. வாயில்லா ஜீவன் அது."

"ஆமா மேடம்."

"உங்க ஊர்க்காரங்களா அவங்க?"

"கையக் கொஞ்சம் தூக்குங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, ஹொவீதா ஈரச் சட்டையை அந்த அம்மாளுக்கு மாட்டி, மூன்று கொக்கிகளையும் ஒவ்வொன்றாகப் பூட்டி, தண்ணீரில் கழன்றுவிடாதபடி வாரை இறுக்கிவிட்டாள்.