கீறலை மூடும் பெஞ்சு

1943ஆம் வருஷம் தூத்துக்குடியில் ஒரு தேக்குப் பெஞ்சுக்கு முத்துச்சிப்பியின் குணம் வந்துவிட்டது. உப்பளக்காரர் காசிலிங்கத்தின் தோட்டத்தில் கிடந்த பெஞ்சு அது. வெள்ளாடுகள் ஏறிக் குதித்து, குளம்பால் கண்டமேனிக்குக் கீறி வைத்திருந்தன. செப்பனிட்டுப் பாலிஷ் போடத் தன் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்தவர் பாலிஷ்காரர் எஸ்றா. யுத்த காலம், கீறலை அடைக்கிற மக்குக்குச் சாக்குக்கட்டிப் பொடி கிடைக்கவில்லை. தருவைகுளம் கடற்கரையில் முத்துச்சிப்பி பொறுக்கி வந்து, சூளையில் சுடாமல் பச்சையாகவே இடித்து, பிசினில் குழைத்து அப்பிவிட்டார். சுட்டிருந்தால் சிப்பியின் குணம் செத்திருக்கும். அவருக்கு அவசரம். மனைவி இன்பமணியின் குதிகால் புண் ஆறு மாதமாக ஆறவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை பாதத்தையே எடுத்துவிட டாக்டர் வேதமணி நாள் குறித்திருந்தார். அதற்குள் கைவேலையை முடித்துவிட நினைத்தார் பாவம்.

மறுநாள் கீறல்கள் முத்து நிறத்தில் மூடிக்கிடந்தன. அதோடு நின்றிருந்தால் நல்ல பேராவது கிடைத்திருக்கும். பெஞ்சு நிறுத்தவில்லை. கோழி நடந்த நகத்தடத்தை மத்தியானத்துக்குள் மூடியது. எஸ்றா மறந்து வைத்த ஆணியை, அவர் ஞாயிறு ஆராதனை முடிந்து வருவதற்குள், சுண்டைக்காய் அளவு முத்தாக்கி வைத்திருந்தது. காசிலிங்கம் வந்து பார்த்தார். "ஏலே எஸ்றா, இதுக்கு ஆடே தேவலைல்லா! இதுல உக்காந்தா என்னையும் மூடிப்போடும். நீயே வச்சுக்கோ" என்று போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை எஸ்றா மாட்டுவண்டி கூட்டிவரப் போயிருந்தபோது, நிற்க முடியாத இன்பமணி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்தாள். அவர் திரும்பி வந்தால் கட்டுத்துணி கீழே கிடக்கிறது. புண் இருந்த இடத்தில் வெற்றிலை அகலத்துக்கு முத்துப்பூச்சு பளபளவென்று மூடியிருக்கிறது. தோலுக்கும் தேக்குக்கும் பெஞ்சு வித்தியாசம் பார்க்கவில்லை.

"ஏளா, வலிக்கா?"

"வலியா? குளுகுளுன்னுல்லா இருக்கு. இன்னைக்குத்தாங்க என் காலு என் காலு மாதிரி இருக்கு."

ஆஸ்பத்திரியில் டாக்டர் அதை விரல்முட்டியால் தட்டினார், டொக்கென்றது. காய்ச்சல் இருக்கிறதா, நெறி கட்டியிருக்கிறதா என்று பார்த்தார். "இதை அறுக்குத கத்தி என்கிட்ட இல்ல. வீட்டுக்குப் போம்மா" என்றார். எஸ்றா ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் விக்கி விக்கி அழுதார். ஆறு மாதத்துப் பயம் அத்தனையும் கண்ணால் இறங்கியது. அதுவரைக்கும் வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துப் புல் போட்டார்.

பிறகு ஊரில் யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஒரே குறை, ஞாயிறு ஆராதனைக்குப் போனால் கோயிலின் சிமெண்டுத் தரையில் அந்தக் குதிகால் வழுக்கியது. அதனால், ஊர் மரத்தையெல்லாம் வழவழப்பாக்கிப் பிழைத்த எஸ்றா, சனிக்கிழமை சாயங்காலம்தோறும் மனைவியின் காலை மடியில் வைத்து, உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்குவார். திங்கட்கிழமைக்குள் அது மறுபடி வழவழத்துவிடும். அவருக்குச் சலிக்கவில்லை. "போதுங்க, கூசுது" என்று சிரித்துக்கொண்டே அவள் காலை இழுத்துக்கொள்ளும் வரைக்கும் தேய்ப்பார்.