ஊற்றில் கட்டிய வெப்பமானி

ஓடையில் விட மீன்குஞ்சு லாரி வருகிறது என்று எல்லாரும் சந்தோஷமாக இருந்த நாளில் எனக்கு மட்டும் அதில் நம்பிக்கை இல்லை.

மொராக்கோவின் அட்லஸ் மலையில் எங்கள் ஓடையில் டிரவுட் மீன் அற்றுப்போய் வெகுகாலம் ஆகிறது. நீர் குளிர்ந்திருந்தால்தான் அது பிழைக்கும். காற்றின் சூடு, கரை நிழல், நீரோட்டம் எல்லாவற்றையும் போட்டு நான் கணக்கிட்டபோது, கோடையில் ஓடை இருபத்தைந்து டிகிரியைத் தாண்டும் என்று வந்தது. ஓடையில் கட்டச் சொல்லி மீன் காவலரிடம் கொடுத்த வெப்பமானியோ போன கோடை முழுக்கப் பதினான்கு என்றது. கருவி பொய் சொல்லுமா என்று நான் வேலை பார்க்கும் மீன்வள அலுவலகத்தில் என் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பகலும் இரவும் ஒரே சூட்டில் ஓடுகிற ஓடை எங்கேயாவது உண்டா என்று நான் கத்தியது ஒருவர் காதிலும் ஏறவில்லை.

மீன் காவலர் பாஸ்ஸூ புது ஜெல்லாபா அங்கி போட்டுக்கொண்டு கரையில் நின்றார். மீனில்லாத ஓடைக்குக் காவலா என்று ஊரே அவரைக் கேலி செய்துகொண்டிருந்தது. தவளைகள் சௌக்கியமா என்று சந்தையில் விசாரிப்பார்கள். இன்றோடு அது தீர்ந்தது என்று நம்பியிருந்தார், பாவம்.

கருவியை எங்கே கட்டினீர்கள் என்று அவர் மனைவி தூதாவிடம் கேட்டேன். அவள் பெருமையோடு கூட்டிப்போய் ஓடையோரத்து ஊற்றுக்கண்ணைக் காட்டினாள். கோடையில் மோரும் வெண்ணெயும் கெடாமல் இருக்க எங்கள் பெண்கள் பானையை இறக்கி வைக்கும் இடம்; இரவும் பகலும் ஒரே குளிராக ஊறும்.

"ஓடைத் தண்ணி வெதுவெதுன்னு கெடந்துச்சு, தங்கச்சி. ஆபீஸ் சாமான் கெட்டுப்போனா இந்த மனுசனைத்தானே கேப்பாங்க? அதான் எடுத்து இங்க கட்டிட்டேன்."

அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

லாரி வந்து நின்றதும் பாஸ்ஸூவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் குனிந்து ஓடையில் கையை விட்டார்.

"இப்ப ஜில்லுன்னுதானே இருக்கு?"

"இது பனி உருகி வர்ற தண்ணிண்ணே. கோடையில ஒண்ணுகூடப் பிழைக்காது."

ஊற்றிலாவது விடலாமா என்றார். கணுக்கால் நனையாத குழி அது, பத்துக் குஞ்சுகூட வளராது என்றேன். அவர் லாரியில் ஏறித் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். விரல் நீளக் குஞ்சுகள் புள்ளி புள்ளியாக நெளிந்தன. வெகுநேரம் பார்த்துவிட்டு மூடியை அவரே சாத்தினார். திருப்பிக் கொண்டுபோகச் சொல்லி டிரைவரிடம் கையைக் காட்டினார்.

தூதா முக்காட்டில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள். பாஸ்ஸூ இறங்கி வந்து அவள் பக்கத்தில் ஈரப் புல்லிலேயே, அந்தப் புது ஜெல்லாபாவோடு உட்கார்ந்தார்.

"எனக்காகத்தானே செஞ்ச," என்றார். "விடு. ஊருக்கு நான் சொல்லிக்கிறேன்."