டப்பாவில் எழுதிய பெயர்

கற்பூரம் ஏற்றும்போது தும்மினால் அம்மன் முகம் திருப்பிக்கொள்வாள் என்பது நெல்லிவாசல்நாட்டு நம்பிக்கை. போன வருஷம் சாமைக் கதிர் படையலில் பாண்டுரங்கன் தும்மிவிட்டார். இந்த வருஷமும் தும்மினால், நான்கு தலைமுறையாக அவர் வீட்டிலிருக்கும் முதல் பூசை உரிமை பங்காளி சடையனுக்குப் போய்விடும்.

புல் பூத்துவிட்டால் அவருக்குத் தும்மல் நிற்காது. அதற்கென்று நாக்கடியில் சொட்டு மருந்து விட்டு வருஷம் ஒன்றாகியும் பலனில்லை.

"அந்த மருந்து சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கலீங்க. குடல்ல இருக்கிற நுண்ணுயிரும் காரணமா இருக்கலாம்னு டாக்டருங்க ஆராயறாங்க. மருந்து விட்டுக்கிற எல்லார்கிட்டயும் வாங்கறோம். நீங்களும் இதுல கொஞ்சம் மலம் எடுத்து, பேர் எழுதி, ஆஸ்பத்திரி ஜன்னல்ல வச்சுடுங்க" என்று நர்ஸ் தமிழரசி டப்பாவை நீட்டினாள்.

"இன்னா கேட்ட? என் வூட்டு வாசல்ல நின்னு இன்னா கேட்ட?" என்று சீறினார். அவள் டப்பாவைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

நகத்தையும் முடியையுமே அந்நியர் கையில் சிக்கவிடாத குடும்பம். எவனாவது செய்வினை வைத்துவிட்டால்? ஆனால் படையலுக்கு இரண்டு மாதந்தான் இருந்தது. விடியலில் டப்பாவை நிரப்பினார். மேலே 'சடையன்' என்று எழுதினார். வினை வந்தால் அவனுக்கே போகட்டும்.

மூன்றாம் வாரம், படையலுக்கு நாள் குறிக்க ஊர் கூடியிருந்தது. தமிழரசி ஒரு பொட்டலத்தோடு வந்தாள்.

"சடையன் யாருங்க? உங்க குடல்ல நல்ல கிருமி கம்மியாம். தும்மலுக்கு விடற சொட்டு மருந்தோட இதையும் சாப்பிட்டுப் பாக்கச் சொன்னாங்க. கேக்கும்னு உறுதி இல்ல."

"எனக்கா? நான் எப்பம்மா தும்மினேன்?" மல டப்பாவில் தன் பெயர் இருந்ததைக் கேட்டறிந்து சடையன் தொடையில் தட்டிச் சிரித்தான். "பீ எவன்துவோ, பேரு என்துவா? யாருடா அந்த மானஸ்தன்?"

ஊரே சிரித்தது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பாண்டுரங்கன் பக்கம் மட்டும் யாரும் திரும்பவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று அதிலேயே அவருக்குப் புரிந்தது.

"ஆளு இல்லைன்னா திருப்பி அனுப்பிடறேன்" என்றாள் தமிழரசி.

பாண்டுரங்கன் எழுந்தார். முதுகு வளையவில்லை.

"என்துதான். குடு இங்க."

சிரிப்பு அடங்கியது. சடையன் மட்டும் விடவில்லை. "தும்மாம கற்பூரம் ஏத்து, பாக்கலாம்."

"ஏத்தறேன். நீ கீழ நின்னு கும்புடு."

பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் புல் பூத்துக் கிடந்தது. மூக்கு நமநமத்தது. பல்லைக் கடித்து அடக்கினார். வீட்டுக்குள் நுழைந்து, கதவைச் சாத்திய பிறகுதான் தும்மினார்.