மாடி இல்லாத டூப்ளெக்ஸ்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பா வாடகைக்கு ஒரு வீடு பார்த்தார். பார்த்தார் என்பதுகூடச் சரியில்லை. பேப்பரில் விளம்பரம் படித்து, போனிலேயே பேசி முடித்துவிட்டார். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ஊருக்கெல்லாம் பார்வை கொடுத்த மனுஷன் குடியிருக்கப்போகும் வீட்டை ஒரு எட்டு போய்ப் பார்க்கவில்லை என்று அம்மா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டினாள்.

விளம்பரத்தில் ‘டூப்ளெக்ஸ்’ என்று இருந்தது. அப்பாவின் முதலாளி வீடு டூப்ளெக்ஸ். ஹாலுக்குள்ளிருந்தே மாடிப்படி ஏறும். நமக்கும் அதே மாதிரி என்றார் அப்பா. மாடி அறையில் ஜன்னலோரம் யார் படுப்பது என்று அக்காவும் நானும் ஒரு வாரம் முடியைப் பிடித்துக்கொண்டோம்.

லாரியிலிருந்து இறங்கிப் பார்த்தால் ஒரே கூரை, இரண்டு வாசல், நடுவில் ஒரு சுவர். படியையே காணோம்.

“மாடி எங்கேங்க? மடிச்சு வச்சிருக்காங்களா?” என்றாள் அம்மா.

அப்பா தெருமுனைக் கடைக்கு ஓடி வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். “டூப்ளெக்ஸ்னா ஒட்டு வீடு சார். ரெண்டு குடும்பம், ஒரு சுவர். மாடின்னு நான் சொன்னேனா?” என்று அவர் கேட்டாராம். சொல்லவில்லைதான்.

தொங்கிய முகத்தோடு திரும்பியவரைப் பார்த்து, பக்கத்து வாசலில் பனியனோடு நின்றவர் சிரித்தார்.

“நீங்களும் மாடியைத் தேடித்தான் வந்தீங்களா? நான் மூணு வருஷமாத் தேடுறேன். கிடைச்சா சொல்லுங்க.”

அவர் பள்ளி வேன் ஓட்டுபவர். அன்று எங்கள் பீரோவின் மறுமுனையைப் பிடித்து உள்ளே கொண்டுவந்தவரும் அவர்தான். எங்களுக்கு அவர் ஸ்டியரிங் மாமா ஆனார். அவர் மனைவி அத்தை ஆனாள்.

சுவர் மெலிசு. மானம் போகுமே என்று முதல் மாதம் அம்மா அப்பாவைக் கிசுகிசுப்பாகவே திட்டினாள். ஒருநாள் தாங்காமல் குரல் உயர்ந்தபோது, “நல்லாக் கேளுங்க, விடாதீங்க!” என்று சுவருக்கு அப்பாலிருந்து அத்தையின் குரல் வந்தது. அப்பாவே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் கிசுகிசுக்கவில்லை. நான் வாய்ப்பாட்டில் தடுக்கினால் மாமா அங்கிருந்தே எடுத்துக் கொடுப்பார்.

நான் ஏழாவது படிக்கும்போது ஒரு பகலில் அம்மா சமையலறையில் மயங்கி விழுந்தாள். வீட்டில் யாரும் இல்லை. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. “உங்கம்மா ஒரு சொட்டு வீணாக்க மாட்டாளே, இவ்வளவு நேரமா ஓடுதேன்னு ஓடி வந்தேன்” என்றாள் அத்தை பிறகு. கொல்லைக் கதவை உடைத்து, மாமாவின் வேனிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இன்னும் அரை மணி போயிருந்தால் கஷ்டம் என்றாராம் டாக்டர்.

அதன் பிறகு அம்மா பத்தொன்பது வருஷம் இருந்தாள். இடையில் வீட்டுக்காரர் வீட்டை விற்றபோது இரண்டு குடும்பமும் ஆளுக்கொரு திசையில் போனோம். அம்மாவின் காரியத்துக்கு மாமாவும் அத்தையும் பஸ் பிடித்து வந்து, சொந்தக்காரர்களுக்கு முன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

போன மாதம் நான் ஒரு டூப்ளெக்ஸ் வாங்கினேன். அப்பாவிடம் போனில் சொன்னேன்.

“எந்த டூப்ளெக்ஸ்?”

“மாடிப்படி வச்சதுப்பா. நிஜமாவே.”

“அப்போ பக்கத்துல யாரும் இல்லையா?” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துவந்தேன். முழங்கால் வலி, நாலு படி ஏறி, கைப்பிடியைத் தட்டிப் பார்த்து, நல்லா இருக்கு என்று இறங்கிவிட்டார். நான் காபி போட்டு வருவதற்குள் ஆளைக் காணோம். வெளியே போய்ப் பார்த்தேன். பத்தடி தள்ளியிருந்த மதிலருகே நின்று, அந்தப் பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அம்மாளிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்:

“என் பொண்ணு தனியா இருக்கும்மா. கொஞ்சம் காதை இந்தப் பக்கம் வச்சுக்கோங்க.”