அண்ணையின் மொடியூல்

மூன்றாந்தரமும் சேர்வர் எழும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்க, மிருணாளினி குசினி மேசையில் இருந்தபடியே, "எளிய சனியனே!" என்று வாய்விட்டுத் திட்டினாள். சாவு வீட்டில் இப்படித் திட்டுவது அழகில்லைதான். என்ன செய்வது? அண்ணன் கரிகாலனின் பிரேதம் ஒரு மணிக்கு எரியூட்டும் மண்டபத்துக்கு வந்துவிடும். அதற்குள் அவனுடைய இணையத்தளம் உயிர்க்காவிட்டால், ஊரில், கோண்டாவிலில் இருக்கும் அம்மா மகனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வழியே இல்லை. அம்மாவுக்கு விசா மறுத்துவிட்டார்கள். "பெத்தவள் பிணத்தைப் பாக்கவும் விசாவோ?" என்று அவர் தொலைபேசியில் கேட்டார்.

பிரான்சில் தமிழர்களின் கடைத்தெருவான லா ஷப்பலில் சாவு என்றால் கரிகாலனின் தளம்தான். மரண அறிவித்தல் அதில்தான் வரும். மண்டபத்திலிருந்து நேரடி ஒளிபரப்பும் அதில்தான். ஊரார் சாவையெல்லாம் உலகத்துக்குக் காட்டியவனின் சாவுக்குத் தளம் படுத்துக்கிடந்தது. சேர்வரை வாடகைக்குத் தந்த கொம்பனி, முன்பே அறிவித்த நாளில் அதைப் புது வேர்ஷனுக்கு மாற்றிவிட்டது. அறிவித்தல் மின்னஞ்சலில் வந்திருக்கும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெற்றோப் படியில் சரிந்தவன் மின்னஞ்சல் பார்ப்பானா?

தளத்தின் வாசலில் காவல் நிற்பது ஒரு மொடியூல். யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பது அதுதான். 2009 மாசியில் அண்ணனும் தங்கையும் சேர்ந்து சி பிளஸ் பிளஸ் என்ற கணினிமொழியில் எழுதியது. வன்னியில் காணாமற்போனவர்களின் படங்களைத் தேடி உலகத்துச் சனமெல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழ, சாதாரணத் தளம் தாங்காமல் சரிந்தது. அதற்காகவே எழுதினார்கள். மிருணாளினியின் கணவன் சேந்தனும் அந்தப் படங்களில் ஒருவன். சமாதான காலத்தில் அவள் ஊருக்குப் போய்க் கலியாணம் கட்டிவிட்டு வந்து, அவனைக் கூப்பிட விசாப் பேப்பர் போட்டுக் காத்திருந்த நேரத்தில்தான் சண்டை தொடங்கியது.

அடுத்த வருடம், "நீ உன்ரை வேலையைப் பார், இதை நான் பாக்கிறன்" என்று அண்ணன் தளத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் மொடியூலில் செய்த மாற்றங்களெல்லாம் அவனுடைய கணினியில் கிடந்தன. அதன் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது. சேர்வரின் வேர்ஷன் மாறினால் மொடியூலை நிரலிலிருந்து புதிதாக வார்த்தெடுத்து, அதாவது கொம்பைல் பண்ணித்தான் ஆகவேண்டும். மிருணாளினியிடம் இருந்தது இருவருமாக முதலில் எழுதிய பழைய நிரல் மட்டுமே. அதைத்தான் விடிந்ததிலிருந்து புது சேர்வருக்கு ஏற்றபடி திருத்திக்கொண்டிருந்தாள்.

கொம்பைல் என்னவோ முடிந்தது. கொண்டுபோய்ப் பொருத்தினால், தான் கூப்பிடும் பெயரே மொடியூலுக்குள் இல்லை என்றது சேர்வர். மிருணாளினி நெற்றியில் அடித்துக்கொண்டாள். சி பிளஸ் பிளஸ் தன் பெயர்களைத் தன் பாட்டுக்கு முறுக்கி வைத்துக்கொள்ளும். சேர்வர் கூப்பிடப்போகும் அந்த ஒரு பெயரை மட்டும் முறுக்காதே என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். திருத்தும்போது அந்த வரியை இடம் மாற்றியவள், சொல்ல மறந்துவிட்டாள். முதல்முறை எழுதியபோதும் இதே பிழையை விட்டு, "உன்ரை மண்டையைத்தான் முதல்லை கொம்பைல் பண்ணோணும்" என்று அண்ணனிடம் குட்டு வாங்கியிருக்கிறாள். அதை நினைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குட்டுவதற்கு இனி யார் இருக்கிறார்கள்?

வரியைத் திருத்தினாள். தளம் எழும்பியது. தன் பெயரில் உள்ளே போனாள். முகப்பில் அண்ணன் மாலையோடு சிரித்தான். கீழே காணாமற்போனோரின் முகங்கள். காலையில் கோப்பி குடிக்க முதல் எப்போதும் பார்ப்பதுபோல, சேந்தனின் படத்தை ஒருதரம் பார்த்துவிட்டு முகம் கழுவ எழுந்தாள்.

அப்போதுதான் லாசர் படியேறி ஓடிவந்தான். அண்ணனோடு தளத்தில் பங்குக்கு இருப்பவன். விளம்பரம் பிடிப்பது அவன் வேலை. மூச்சு வாங்கியது.

"அக்கா, என்ன செய்தனீங்கள்? ரெலிபோன் விடாமல் அடிக்குது. காணாமல் போனாக்கள் எல்லாரும் திரும்பி வந்திட்டினம்!"

"என்னடா விசர்க் கதை? எங்கை வந்தவை?"

"முகப்பிலை!"

"அவை எப்பவும் அங்கைதானே நிண்டவை."

லாசர் திரும்பினான். அறைவாசலில் தலைவிரிகோலமாக நின்ற அண்ணி யோகராணியைப் பார்த்தான். அண்ணி நிலத்தைப் பார்த்தாள். மிருணாளினி அண்ணிக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணி, என்ன இது? சொல்லுங்கோ."

"இப்ப வேண்டாம் மிருணா. அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்திட்டுக் கதைப்பம்."

"இப்பவே சொல்லுங்கோ."

கடைசியில் லாசர்தான் சொன்னான். "அதை 2011இலையே மூடிட்டம் அக்கா. கலியாண மண்டபக்காரர், நகைக்கடைக்காரர் ஒருத்தரும் விளம்பரம் தரமாட்டம் எண்டிட்டினம். மங்கலமாய் ஒண்டைப் போட்டால் பக்கத்திலை அந்த முகங்கள் நிக்குதாம். கரியண்ணை கனநாள் யோசிச்சவர். பிறகு மொடியூலை மாத்தி எழுதினார், அந்த மாத்தம் உங்கடை பழைய நிரலிலை இல்லை. நீங்கள் உங்கடை பேரிலை உள்ளை வந்தால் மட்டும் பழையபடி எல்லாம் தெரியும். வேறை ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்கு மட்டும்."

"ஓம் அக்கா."

சேந்தன் உலகத்துக்கு முன்னால் நிற்கிறான், யாரோ ஒருவர் கண்ணில் படுவான் என்று நம்பித்தானே மிருணாளினி ஒவ்வொரு காலையும் எழும்பினாள்? அவ்வளவு நாளும் அந்த முகத்தைப் பார்த்தது அவள் ஒருத்திதான்.

"உமக்குத் தெரியக்கூடாது எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவர்," என்றாள் அண்ணி. "நீர் உடைஞ்சு போவீர் எண்டு பயம். உம்மிலை உள்ள பாசத்திலைதான்..."

"பாசமோ? என்னைப் பேய்க்காட்டி இருக்கிறார், அண்ணி! கூடப் பிறந்தவர்! நீங்கள் எல்லாருமாய்ச் சேர்ந்து என்னை விசரி ஆக்கி வைச்சிருக்கிறியள்!" சத்தம் கேட்டு முன்னறையில் ஒப்பாரி நின்றது. "ஆராவது எங்கையாவது அவரைக் கண்டிருந்தால்? ஒரு முகாமிலை, ஒரு ஆசுப்பத்திரியிலை கண்டுபோட்டு, இது ஆரின்ரை பிள்ளை எண்டு வந்து தேடியிருந்தால்? என்னத்தைக் கண்டிருப்பினம்? நகைக்கடையை!"

லாசர் தொண்டையைச் செருமினான். "அக்கா, கோவிக்காதேங்கோ. நகைக்கடை முதலாளி மண்டபத்துக்கு வாறார். இண்டைக்கு மட்டும் அதுகளை ஒருக்கா மறைச்சு விட்டால்..."

"தொட்டியோ, கையை முறிச்சுப் போடுவன்."

அவன் தொடவில்லை. தொடவும் தெரியாது அவனுக்கு.

புறப்படுகிற நேரம் அம்மா தொலைபேசியில் எடுத்தார். பக்கத்து வீட்டுப் பெடியன் தன் கணினியில் தளத்தைத் திறந்து கொடுத்திருக்கிறான். "அண்ணையின்ரை படத்துக்குக் கீழை மருமோன் நிக்கிறார், பிள்ளை," என்றார் அம்மா. "திரும்பப் போட்டனியோ?"

"நான் எப்ப அம்மா எடுத்தனான்?"

"நீதான் எடுத்தனி எண்டு நினைச்சம். கேக்க மனம் வரேல்லை. இளம்பிள்ளை, வேறை கலியாண யோசினை வந்திருக்கும், வரட்டும் எண்டு விட்டிட்டன். இரத்தினண்ணை வீட்டுக்காரர்தான் தாங்கேல்லை. உன்னோடை கதைக்காமல் விட்டதும் அதாலைதானே."

இரத்தினம் மாமா சேந்தனின் தகப்பன். அவர் தன் அழைப்புகளை எடுக்காமல் விட்டபோது, மகனை நினைத்து மனிதர் இடிந்துபோனார் என்றுதான் மிருணாளினி எண்ணியிருந்தாள். அண்ணனிடம் சொல்லி அழுதும் இருக்கிறாள். "கிழவன் அப்பிடித்தான், விடு" என்று அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தான் அந்த அண்ணன்! எல்லாம் தெரிந்துகொண்டுதானே ஊற்றினான்! காரில் ஏறும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

மண்டபம் நிரம்பி வழிந்தது. கமெராவை லாசர் தலைமாட்டுப் பக்கம் நிறுத்தியிருந்தான். இங்கே நடப்பது அங்கே போய்ச் சேர ஒரு நிமிடம் பிந்தும், எப்போதும் அப்படித்தான். அம்மாவைத் தொலைபேசியில் எடுத்து, இணைப்பைத் துண்டிக்காமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள் மிருணாளினி. சாவுச் சடங்கில் பாடும் சுண்ணப்பாட்டை ஐயர் சுருக்கமாக முடித்தார். மண்டபக்காரர் நேரம் பார்க்கிற ஆட்கள். வாய்க்கரிசிக்கு முதலில் அண்ணி போனாள்.

"உடன்பிறந்த பொம்பிளை வாங்கோ," என்று யாரோ கூப்பிட்டார்கள்.

பெட்டிக்குள் கரிகாலனுக்குப் பட்டுவேட்டி கட்டி, கன்னத்தில் என்னமோ பவுடர் பூசியிருந்தார்கள். சிறுவயதில் கிணற்றடியில் வழுக்கி வெட்டிய தழும்பு புருவத்தில் அப்படியே இருந்தது. அவளைப் பிரான்சுக்குக் கூப்பிட்டவன், மொழி சொல்லிக் கொடுத்தவன், காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சியவன். பாவி, அவன்மேல் அவளுக்கு உயிர். அதை இல்லையென்று சொல்லமுடியாமல்தான் இவ்வளவு எரிந்தது.

அரிசியை அள்ளினாள். குனிந்தாள். பின்னால் வரிசை காத்துநின்றது. அண்ணி விம்மினாள். மிருணாளினி பொத்திய கையோடு நிமிர்ந்தாள். திரும்பினாள். சனம் விலகி வழிவிட, நேரே நடந்து கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. கைப்பைக்குள் அம்மாவின் குரல் கேட்டது. இடக்கையால் எடுத்துக் காதில் வைத்தாள்.

"இந்தா, இப்பதான் உன்னைக் கூப்பிடுகினம்," என்றார் அம்மா. "வாறாய், வாறாய்... என்ரை குஞ்சு, நல்லா இளைச்சுப் போனாயடி. அண்ணைக்குக் கிட்டப் போ. அரிசி எடுத்திட்டாய்... எனக்காகவும் ஒரு பிடி போடு பிள்ளை, நான் வரமுடியாத பாவி... ஓம், குனியிறாய்..."

பிறகு அம்மா பேசவில்லை. கோண்டாவிலில் ஏதோ ஒரு வீட்டில் நாய் குரைத்தது கேட்டது. மிருணாளினி தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மற்றக் கையை மழைக்குள் நீட்டி விரித்துப் பார்த்தாள். அரிசி வியர்வையில் உள்ளங்கையோடு ஒட்டிப்போய் இருந்தது.